ரீச்சரிடம் கேளுங்கள்: முதலில் புணரியை எழுது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி டி.என்.ஏ. பற்றியும் பிறப்புரிமையியல் பற்றியும்தான். உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். ஒரு தகப்பனும் ஒரு தாயும்கூட எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டதும் பாடத்திட்டத்துக்குள்தான் வருகிறது, பிள்ளைகள் தாண்டிப் போகவேண்டாம்.

ரீச்சர், மெண்டலின் விதிகள், 3:1, 9:3:3:1 எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கணக்கு வந்தால் கை ஓடுவதில்லை. தவணைப் பரீட்சையில் இரண்டு இயல்புகளைக் கண்டதும் 9:3:3:1 என்று எழுதினேன். விடை 1:1:1:1 என்று பிழை போட்டுவிட்டார்கள். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.
உயர்தர மாணவி, விசுவமடு

பிள்ளை, 9:3:3:1 ஒரு குறிப்பிட்ட கலப்புக்கு உரிய விடை. பெற்றோர் இருவரும் இரண்டு இயல்புக்கும் இதரநுகமாக, அதாவது ஒவ்வொரு இயல்புக்கும் பரம்பரையலகின் இரண்டு வேறு வடிவங்களோடு, இருக்கவேண்டும். இரண்டு பரம்பரையலகுகளும் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இருக்கவேண்டும். ஆட்சி முழுமையாக இருக்கவேண்டும், அதாவது ஒரு வடிவம் பின்னிடைவான மற்றதை முழுதாக மறைக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த விகிதம் வராது. உனக்கு வந்தது சோதனைக் கலப்பு, அதாவது இரண்டு இயல்பும் பின்னிடைவான ஒரு பெற்றோருடன் கலப்பது. கேள்வியில் "பின்னிடைவான பெற்றோருடன்" என்று ஒரு சொல் எங்கேயோ கிடந்திருக்கும், நீ விகிதத்தை எழுதும் அவசரத்தில் அதைப் பார்த்திருக்க மாட்டாய்.

இனிமேல் இப்படிச் செய். கேள்வியை வாசித்ததும் விகிதத்தை மறந்துவிட்டு, பெற்றோர் ஒவ்வொருவரும் என்னென்ன புணரிகளை, அதாவது இனப்பெருக்கக் கலங்களை, தருவார்கள் என்று கொப்பியில் எழுது. பெரிய ஏ, சின்ன ஏ, பெரிய பி, சின்ன பி நான்கும் உள்ள செடி நான்கு விதப் புணரிகளைச் சம அளவில் தரும். எல்லாமே சின்ன எழுத்தான செடி ஒரே விதப் புணரியைத்தான் தரும். நான்கையும் ஒன்றோடு சேர்த்தால் நான்கு விதப் பிள்ளைகள், சம அளவில். அவ்வளவுதான் உன் 1:1:1:1.

அந்தச் சோதனைக் கலப்பிலேயே இரண்டு வகை அதிகமாகவும் இரண்டு வகை கொஞ்சமாகவும் எண்ணிக்கை தரப்பட்டிருந்தால், இரண்டு பரம்பரையலகுகளும் ஒரே நிறமூர்த்தத்தில் இணைந்திருக்கின்றன என்று சந்தேகப்படு. கொஞ்சமாக வந்தவைதான் சோடி நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்குப்பரிமாற்றத்தால் வந்த மீள்சேர்க்கைகள். இதைக் கேட்கும் ஆசை வினாத்தாள் போடுகிறவர்களுக்கு எப்போதும் உண்டு.

முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு 50 பல்தேர்வு வினாக்கள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் 16 கட்டம் போட்டு நிரப்புவது நடக்காத காரியம். ஒவ்வொரு இயல்பையும் தனித்தனியே பார்த்துப் பெருக்கு. இரு பெற்றோரும் மூன்று இயல்புக்கும் இதரநுகம், மூன்றும் பின்னிடைவாக வரும் நிகழ்தகவு என்ன என்று கேட்டால், கால் தர கால் தர கால், 64 இல் 1. கட்டம் போட்டிருந்தால் எட்டுக்கு எட்டு 64 கட்டம் போட்டு, அதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். மெண்டலுக்கும் விகிதம் அச்சொட்டாக வரவில்லை. 1866 இல் அச்சான அவருடைய கட்டுரையில் பட்டாணியின் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. வகுத்துப் பார், 2.96 வரும். இரண்டு இயல்பைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தவை 315, 108, 101, 32. மொத்தம் 556 விதைகள். 9:3:3:1 படி கடைசி வகை 34.75 வரவேண்டும், வந்தது 32. ஆகவே கணக்கில் 29:11 என்று தந்திருந்தால் "இது 3:1 இல்லையே" என்று திகைக்காதே. அது 3:1 தான்.

தூது ஆர்.என்.ஏ. வரிசை எழுதும் கேள்வியில் எனக்கு எப்போதும் பிழைக்கிறது. தைமினுக்குப் பதில் யுராசில் போட மறப்பதில்லை. பிறகும் அமினோ அமிலம் மாறி வருகிறது.
உயர்தர மாணவன், பூநகரி

தம்பி, நீ அனுப்பிய விடையைப் பார்த்தேன். சோடி சேர்த்ததில் பிழை இல்லை. திசையைத்தான் தவறவிட்டாய். டி.என்.ஏ. யின் இரண்டு இழைகளும் ஏ-9 வீதியில் வாகனங்கள் போவது மாதிரி, ஒன்று கிளிநொச்சிப் பக்கம் போனால் மற்றது வவுனியாப் பக்கம். ஒன்றின் 5′ முனை இருக்கும் பக்கத்தில் மற்றதன் 3′ முனை இருக்கும். ஆர்.என்.ஏ. உருவாகும்போதும், அது எந்த டி.என்.ஏ. இழையைப் பார்த்து உருவாகிறதோ அந்த வார்ப்புரு இழைக்கு எதிர்த்திசையில்தான் அமையும்.

கேள்வியில் தந்த வார்ப்புரு இழை 5′–ஏஜிஜி சிஏரி–3′. நீ அதன் கீழே யுசிசி ஜியுஏ என்று எழுதி, இடமிருந்து வலமாக வாசித்து, செரீன், வலீன் என்று போட்டாய். நீ எழுதிய வரிசையின் இடது முனை 3′. மும்மூன்று எழுத்தான கோடோன்களை 5′ முனையிலிருந்துதான் வாசிக்கவேண்டும். இப்போது வலதிலிருந்து வாசித்துப் பார்: ஏயுஜி, சிசியு. மெதியோனின், புரோலின். தொடக்கக் கோடோனே வந்துவிட்டது, பார்த்தாயா. தொடக்கக் கோடோன் வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் திசையைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

எந்த இழையை எழுதினாலும் இரண்டு முனையிலும் 5′, 3′ என்று குறித்துவிட்டு மற்றதை எழுது. டி.என்.ஏ. தன்னைப் பிரதி எடுக்கும் இரட்டித்தலிலும் இதே கதைதான். டி.என்.ஏ. பொலிமரேசு புதிய இழையை 5′ இலிருந்து 3′ பக்கமாக மட்டுமே நீட்டும். அதனால்தான் ஓர் இழை ஒரேயடியாக நீள்கிறது, மற்றது ஒகசாகி துண்டுகள் என்ற சிறு துண்டுகளாக வருகிறது. படத்தில் முனைகளைக் குறித்தவனுக்கு இதைப் பாடமாக்கவே தேவையில்லை.

64 கோடோன்களில் 61 அமினோ அமிலத்துக்கு, மூன்று நிறுத்தத்துக்கு. அந்த மூன்றையும் மட்டும் மனதில் வைத்துக்கொள்: யுஏஏ, யுஏஜி, யுஜிஏ.

ரீச்சர், நான் விவசாயி. மகள் உயிரியல் படிக்கிறாள். றெட் லேடி பப்பாசி போட்டு நல்ல விளைச்சல் எடுத்தேன். கன்று வாங்கும் காசை மிச்சம் பிடிக்க, நல்ல நீளமான பழமாகப் பார்த்து விதை எடுத்து நானே நாற்றுப் போட்டேன். வந்த மரங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. சிலது நீளப் பழம், சிலது உருண்டை, இனிப்பும் ஒரேமாதிரி இல்லை. இரண்டு மரம் பூத்துக்கொண்டே நிற்கிறது, காய்க்கவில்லை. நெல்லில் நான் எடுத்து வைக்கும் விதை இப்படி மாறுவதில்லையே? மகளைக் கேட்டால், "அது சிலபஸில் இல்லை அப்பா" என்கிறாள்.
ஒரு தகப்பன், ஒட்டுசுட்டான்

ஐயா, மகளிடம் சொல்லுங்கள், இது முழுக்க முழுக்க சிலபஸில் இருக்கிறது. அவளுடைய கொப்பியிலேயே இருக்கும்.

முதலில் நெல். நெற்பூ தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக் கருக்கட்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்து, ஏறக்குறைய எல்லா எதிருருச் சோடிகளும் (ஒரே பரம்பரையலகின் இரு வடிவங்களும்) ஓரினநுகமாகிவிட்டன, அதாவது சோடியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் நீங்கள் பட்டறையில் வைத்த பிஜி 300 அடுத்த போகத்திலும் பிஜி 300 ஆகவே முளைக்கிறது. கலப்பன் வந்தால் அது வேறு நெல் கலந்ததால், விதை தானாக மாறியதால் அல்ல. இடையில் ஒரு தகவல், மகளுக்கும் பிடிக்கும்: பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய நெல்லுக்கு வைக்கும் எண்ணில் வயது இருக்கிறது. 300 என்றால் மூன்று மாதம், 352 மூன்றரை மாதம், 400 நான்கு மாதம்.

றெட் லேடி அப்படியல்ல. இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து எடுத்த முதலாம் தலைமுறைக் கலப்பினம் அது. எல்லா மரமும் ஒரே மாதிரி நிற்கும், ஆனால் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் எதிருருக்கள் இரண்டு விதமாகச் சோடி சேர்ந்திருக்கும். நீங்கள் அதன் பழத்திலிருந்து விதை எடுத்த அன்றே இரண்டாம் தலைமுறைக்குப் போய்விட்டீர்கள். மெண்டலின் பட்டாணி எங்கே பிரிந்ததோ, உங்கள் பப்பாசியும் அங்கேதான் பிரிந்தது. இனிப்பு, தசையின் தடிப்பு, மரத்தின் உயரம் எல்லாம் தனித்தனியே சீட்டுக் கலைந்தமாதிரி வரும்.

இனி நீளப் பழம், உருண்டைப் பழம். இது மரம் ஆணா பெண்ணா இருபாலா என்பதைப் பொறுத்தது. பப்பாசியில் மூன்று வகை மரம் உண்டு. பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் பெண் மரத்தில் எக்ஸ்-எக்ஸ், அதன் பழம் உருண்டை. ஆண் மரம் எக்ஸ்-வை. இருபால் மரத்தில் எக்ஸோடு சற்று வேறான ஒரு வை இருக்கும், அதை வை-எச் என்று எழுதுவார்கள். சந்தைக்கு நல்ல நீளப் பழம் தருவது இந்த மரம்தான். நீங்கள் நீளப் பழமாகப் பார்த்து எடுத்தபடியால் தாய் மரம் இருபால் மரம். அது தன்னையே கருக்கட்டினால் என்ன வரும்? மகளைக் கூப்பிட்டுப் புணரிகளை எழுதச் சொல்லுங்கள். எக்ஸ் பாதி, வை-எச் பாதி. சேர்த்தால் பெண் ஒரு பங்கு, இருபால் இரண்டு பங்கு, வை-எச் இரண்டு சேர்ந்தது ஒரு பங்கு. அந்தக் கடைசிப் பங்கு முளையத்திலேயே இறந்துவிடும். மிஞ்சுவது இருபால் இரண்டு, பெண் ஒன்று.

மகளே, நீயும் வாசிக்கிறாய் என்று நினைக்கிறேன். 3:1 வரவேண்டிய இடத்தில் 2:1 வந்தால் ஒரு பிறப்புரிமையமைப்பு, அதாவது ஒரு எதிருருச் சேர்க்கை, பிறக்காமலே அழிகிறது என்று அர்த்தம். புத்தகங்களில் மஞ்சள் எலியை உதாரணம் காட்டுவார்கள். உனக்கு வீட்டு வளவிலேயே உதாரணம் நிற்கிறது.

காய்க்காமல் பூக்கும் அந்த இரண்டும் பெரும்பாலும் ஆண் மரம். நீளக் காம்பில் பூங்கொத்து தொங்குகிறதா என்று பாருங்கள். தன்னைத் தானே கருக்கட்டிய இருபால் மரத்துக்கு ஆண் பிள்ளை பிறக்க வழியில்லை, அதனிடம் ஆண் வை இல்லை. பக்கத்து வேலியில் ஊர்ப் பப்பாசி ஆண் மரம் ஒன்று நின்று, அதன் மகரந்தம் வந்திருக்கவேண்டும். வெட்ட முதல் ஒருக்கால் வேலியைப் பாருங்கள், ஐயா. அடுத்த முறை கன்று வாங்கத்தான் வேண்டும்.

எனக்கு நாலு பெண் பிள்ளைகள். ஐந்தாவது கட்டாயம் ஆண்தான் என்று சொல்கிறார்கள். மாமி என்னைத்தான் குறை சொல்கிறா. உண்மை என்ன?
ஒரு தாய், நெடுங்கேணி

தங்கச்சி, உங்கள் முட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டும்தான். எக்ஸ் வந்து பெண்ணா, வை வந்து ஆணா என்பது தகப்பனின் விந்தில் இருக்கிறது. மாமிக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஐந்தாவது ஆணாக இருக்கும் வாய்ப்பு அரைவாசி. முதலாவதற்கும் அரைவாசிதான் இருந்தது. முன்னே பிறந்த நாலும் அடுத்ததன் வாய்ப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு: "நான்கு பிள்ளைகளும் பெண்ணாக இருக்கும் நிகழ்தகவு" என்றால் 16 இல் 1. "மூன்று பெண்ணுக்குப் பிறகு நான்காவது பெண்ணாக இருக்கும் நிகழ்தகவு" என்றால் 2 இல் 1. இரண்டும் வேறு வேறு கேள்வி.

அம்மாவுக்கு ஏ, அப்பாவுக்கு பி, எனக்கு ஓ. வகுப்பில் சொன்னபோது சிரித்தார்கள். என் சிநேகிதிக்கும் ஓ, ஆனால் அவளுடைய அப்பாவுக்கு ஏபி. அவள் அழுகிறாள்.
உயர்தர மாணவி, மாங்குளம்

உன் விடயம் நேரானது. ஏ இனத்தில் ஓவை ஒளித்து வைத்திருப்பவர்கள் உண்டு, பி இனத்திலும் உண்டு. உன் அம்மாவும் அப்பாவும் அப்படியானவர்கள். அவர்களுக்கு ஏ, பி, ஏபி, ஓ நான்கு விதத்திலும் பிள்ளை பிறக்கலாம், ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு வாய்ப்பு. சிரித்தவர்களுக்கு இந்தக் கலப்பைக் கரும்பலகையில் போட்டுக் காட்டு.

சிநேகிதியின் விடயத்தில், பரீட்சை விடை "ஏபி பெற்றோருக்கு ஓ பிள்ளை பிறக்காது" என்பதுதான். ஏபி இனத்தவர் தரும் ஒவ்வொரு புணரியிலும் ஏ அல்லது பி இருக்கும். வாழ்க்கையில் நடப்பது வேறு. முதலில் சந்தேகப்படவேண்டியது அட்டையை. எழுதும்போது மாறிப்போன குருதியினங்கள் ஏராளம். மூவரும் திரும்பச் சோதித்துப் பார்க்கட்டும். அட்டை சரியாக இருந்தாலும் அதோடு முடிவில்லை. 1952 இல் பம்பாயில் கண்டுபிடித்த ஒரு அரிய தோற்றவமைப்பு இருக்கிறது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் பொருளே உடலில் உருவாகாது. அதனால் உள்ளே ஏ எதிருரு இருந்தும் சோதனையில் ஓ என்றே காட்டும். அவருக்குச் சாதாரண ஓ இரத்தம்கூட ஏற்ற முடியாது என்பதால், சந்தேகம் இருந்தால் குருதி வங்கியில் சொல்லிப் பார்ப்பது நல்லதுதான். வகுப்பில் படித்த ஒரு கலப்பை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் விசாரணை நடத்தவேண்டாம். அழுகிற பிள்ளையிடம் இதைச் சொல்.

கலத்துக்குச் சக்தி தரும் மைற்றோகொண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வரும் என்று படித்தோம். என் மாமா, அம்மாவின் தம்பி, 2009 இல் காணாமல் போனவர். எலும்புகள் எடுத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் அம்மம்மா கேட்கிறா. அவவின் இரத்தத்தை வைத்து அடையாளம் காணமுடியுமா? அம்மம்மாவுக்கு வயது போய்விட்டது.
உயர்தர மாணவி, முல்லைத்தீவு மாவட்டம்

முடியும், பிள்ளை. நீ படித்த பாடத்தை வைத்தே சொல்கிறேன்.

கலத்தின் கருவில் (நியூக்கிளியசில்) உள்ள டி.என்.ஏ. ஒரு கலத்தில் இரண்டு பிரதிதான். மைற்றோகொண்ட்ரியாவின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கில், சில கலங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். வளைய வடிவமானது, 16,569 மூலச் சோடிகள் மட்டுமே. பிரதிகள் அதிகம் என்பதால், மண்ணுக்குள் நெடுநாள் கிடந்த எலும்பில் கருவின் டி.என்.ஏ. சிதைந்துபோனாலும் இது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. பல்லில் இருந்தும், தொடை எலும்பு போன்ற அடர்த்தியான எலும்பில் இருந்தும் எடுப்பார்கள்.

இப்போது குடும்ப வரைபைப் போடு. அம்மம்மாவிடம் இருப்பது அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் போயிருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும். ஆக, மாமாவுக்கும் உன் அம்மாவுக்கும் ஒன்றுதான். உன் அம்மாவிடமிருந்து உனக்கும் வந்திருக்கிறது. மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இது இராது, அவர்களிடம் இருப்பது மாமியுடையது. எனவே அம்மம்மாவின் மாதிரி கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. உன் அம்மாவின் மாதிரியோ உன்னுடைய மாதிரியோ போதும், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்தே எடுக்கலாம். ஆனால் அம்மம்மாவிடம் கருவின் டி.என்.ஏ. யும் ஒப்பிட எடுக்கலாம், அதில் மாமாவின் பாதி இருக்கிறது. அந்த ஒப்பீட்டுக்கு உன்னைவிட அவ பெறுமதியானவ. மாதிரி சேர்க்கும் ஏற்பாடு உங்கள் பக்கம் வந்தால் அவவை முதலில் கூட்டிக்கொண்டு போ.

ஒரு எல்லையும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். தாய்வழியில் தூரத்துச் சொந்தமான பலருக்கும் இதே வரிசை இருக்கும். ஆகவே பொருந்தாவிட்டால் "இவர் இல்லை" என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால் அது மட்டும் போதாது, கருவின் டி.என்.ஏ. யும் மற்றச் சான்றுகளும் சேரவேண்டும்.

ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியில் பறிபோன பேரப்பிள்ளைகளைத் தேடி அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் 1977 இல் ஒன்றுசேர்ந்தார்கள். பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரப்பிள்ளையை உறுதிசெய்யும் வழியை விஞ்ஞானிகள் அவர்களுக்காகவே வகுத்தார்கள். மேரி-கிளேர் கிங் என்ற பிறப்புரிமையியலாளர் அதில் மைற்றோகொண்ட்ரியா டி.என்.ஏ. யைப் பயன்படுத்தினார். 1987 இல் அந்த நாட்டில் சட்டம் போட்டு, குடும்பங்களின் மாதிரிகளைப் பாதுகாக்க ஒரு வங்கியே அமைத்தார்கள். பாட்டிமார் இறந்த பிறகும் அவர்களுடைய மாதிரி அங்கே இருக்கும். இதை அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் பெயருக்குத்தான். டி.என்.ஏ. யைக் கண்ணால் பார்க்க முடியுமா?
உயர்தர மாணவர்கள் சிலர், மடு

தறப்பாள் கொட்டகையில் படிப்பித்த காலத்திலும் இதைச் செய்திருக்கிறேன், உங்களிடம் கூரை இருக்கிறது. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் பாதியைப் பிசையுங்கள். அரைக் கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டியும் நுரை வராமல் கலந்து பழத்தோடு சேருங்கள். பத்து நிமிடம் விட்டுத் துணியில் வடியுங்கள். வடித்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, குளிரவைத்த ஸ்பிரிற்றைச் சரித்துப் பிடித்த குவளையின் சுவர் வழியே மெதுவாக விடுங்கள். கலங்கக் கூடாது, மேலே தனிப் படையாக நிற்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் இரண்டு படைகளுக்கும் இடையில் வெள்ளை நூல் நூலாக எழும்பும். ஈர்க்கால் சுற்றி எடுக்கலாம். அதில் புரதமும் கலந்திருக்கும், சுத்தமான டி.என்.ஏ. என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

ஏன் ஒவ்வொன்றும் என்று கேட்பார்கள். சோப்பு மென்சவ்வின் கொழுப்பைக் கரைக்கிறது. உப்பின் சோடியம் அயன்கள் பொசுபேற்றின் எதிரேற்றத்தை நடுநிலையாக்குகின்றன, அதனால் டி.என்.ஏ. ஒன்றுசேரும். அற்ககோலில் டி.என்.ஏ. கரையாது, வீழ்படிவாகும். பப்பாசிக் காயின் பால் ஒரு துளி விட்டால் அதிலுள்ள பப்பெயின் புரதத்தை உடைக்கும், நூல் இன்னும் தெளிவாக வரும். சாராயத்தில் செய்யலாமா என்று வகுப்புக்கு ஒருவன் கேட்பான். சரிவராது, அதில் பாதிக்குமேல் தண்ணீர்.

அடுத்த மாதத்துக்குத் தாவர ஓமோன்கள் பற்றிய கேள்விகளை அனுப்புங்கள். கணக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் தாங்கள் செய்து பார்த்த விடையையும், வெட்டிக் கொத்தியது உட்பட, கூடவே அனுப்பவேண்டும். பூநகரித் தம்பி அப்படி அனுப்பியபடியால்தான் எந்த இடத்தில் பிழைத்தது என்று சொல்ல முடிந்தது.